ஊத்துக்குளிக்கு யாரும் வெண்ணெய் பார்க்கப் போவதில்லை, ஏன்?

ஈரோட்டிலிருந்து கோவைக்கு ரயிலில் போகிறவர்கள் திருப்பூருக்குச் சற்று முன்னால் ஊத்துக்குளி நிலையத்தைக் கடக்கிறார்கள். பெயர்ப்பலகை கண்ணில் பட்டதும் பெட்டியில் ஒருவராவது வெண்ணெய்ப் பேச்சை எடுக்காமல் இருப்பது அரிது. அங்கே இறங்கி வெண்ணெயோ நெய்யோ வாங்கிப் போகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த வெண்ணெயை எப்படி எடுக்கிறார்கள், எந்த மாட்டின் பால், அது எந்தப் புல்லைத் தின்றது என்று பார்ப்பதற்காக இறங்கியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. சுவிட்சர்லாந்தில் க்ரூயேர் என்ற குன்றூருக்குப் போகிறவர்கள் அடிவாரத்து நிலையத்தில் இறங்கியதும், எதிரிலேயே ஒரு சீஸ் ஆலை நிற்கிறது. பெரிய செப்புக் கொப்பரைகளில் பால் உறைவதையும், உறைந்ததை வெட்டிக் கிளறுவதையும், அச்சில் இட்டு அழுத்துவதையும் பார்வையாளர்கள் மேலே நின்று பார்க்கலாம். பார்த்துவிட்டு அங்கேயே உண்டு, ஒரு துண்டு வாங்கிக்கொண்டு மலையேறலாம். இரண்டும் பாலால் பெயர் பெற்ற ஊர்கள், இரண்டிலும் ரயில் நிற்கிறது. ஒன்றில் மக்கள் பார்ப்பதற்காக இறங்குகிறார்கள், மற்றதில் இறங்குவதில்லை. விளம்பரம் போதவில்லை என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அது முழு விடை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐரோப்பாவில் சீஸ் சுற்றுலா என்று இன்று அழைக்கப்படுவது, சுற்றுலாவுக்காக யாரோ உட்கார்ந்து திட்டமிட்டு உண்டாக்கிய தொழிலன்று. பால் தொழில் முன்பே இருந்தது. அதைப் பார்க்க வந்தவர்கள் பின்னால் வந்தார்கள். குளிர்நாடுகளில் மாடும் ஆடும் கோடையில் மலைப்புல்லைத் தின்று பாலைச் சொரியும், பனிக்காலத்தில் வற்றிவிடும். கோடையின் மிகுதியைப் பனிக்காலத்துக்கு எடுத்துவைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைநொதியைப் பாலில் இட்டால் அது கெட்டியாகும். நீரை வடித்து, உப்பிட்டு, குளிர்ந்த நிலவறையில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது, கெடாததோடு சுவையும் ஏறும். க்ரூயேர் சீஸில் சுமார் 400 லிட்டர் பாலுக்கு 35 கிலோ எடையுள்ள ஒரு வட்டு கிடைக்கிறது. குறைந்தது ஐந்து மாதம் பழுத்த பிறகே அந்தப் பெயரில் விற்கலாம். இத்தாலியின் பார்மிஜானோவுக்குக் காத்திருப்பு குறைந்தது பன்னிரண்டு மாதம்.

இந்தக் காத்திருப்புதான் சுற்றுலாவின் மூலதனம். காலையில் வந்தாலும் மாலையில் வந்தாலும் நிலவறையில் ஆயிரக்கணக்கான வட்டுகள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஆறு மாத வட்டு எது, பன்னிரண்டு மாத வட்டு எது என்று தட்டிப் பார்த்துச் சொல்ல ஆள் இருப்பார்; அருகருகே இரண்டையும் சுவைக்கக் கொடுத்தால், காலம் என்ன செய்கிறது என்பது வாயில் வைத்த மாத்திரத்தில் விளங்கிவிடும். செய்கிறவர் தம் வேலையைத் தம் போக்கில் செய்ய, வந்தவர் தமக்கு வசதியான நேரத்தில் வந்து பார்த்துப் போகலாம். பேருந்தில் வந்து இரண்டு மணி நேரத்தில் திரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் இல்லை.

நெதர்லாந்தின் அல்க்மார் நகரச் சந்தையை இங்கே மாற்று எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வெள்ளிக்கிழமைதோறும் வெள்ளையுடையும் வைக்கோல் தொப்பியும் அணிந்த சுமைகாரர்கள் இருவர் இருவராகச் சீஸ் உருண்டைகளைத் தொட்டிலில் வைத்துத் தோளில் வாரிட்டுச் சுமந்து ஓடுகிறார்கள். அவர்களது சங்கம் 1593 முதல் தொடர்ந்து வருகிறது. ஆனால் இன்று அந்தச் சந்தையில் நடப்பது உண்மையான வியாபாரமன்று, காட்சி. காட்சி என்று தெரிந்தும் மக்கள் வருகிறார்கள். காரணம், காட்சிக்குப் பின்னால் அதே நாட்டின் பண்ணைகளிலும் ஆலைகளிலும் அதே சீஸ் உண்மையாகவே தயாராகிக்கொண்டிருக்கிறது. பின்னால் ஒன்றும் இல்லாத காட்சி வேறு. திருமண மண்டப வாசலில் வாடகைக்கு நிறுத்தும் மாட்டுவண்டியை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

நம் பக்கம் சீஸ் ஏன் தோன்றவில்லை என்பதற்கு வெயிலும் சமயமும் சேர்ந்தே காரணம். கன்றைக் கொன்று எடுக்க வேண்டிய நொதியை இங்கே யாரும் தேடியிருக்க மாட்டார்கள். தேடியிருந்தாலும், பழுக்க வைக்க வேண்டிய பத்துப் பதினைந்து பாகை குளிர் கொங்குச் சமவெளியில் எந்த மாதத்திலும் நிலையாகக் கிடைக்காது. பாலை எடுத்துவைக்கும் தேவை மட்டும் நமக்கும் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு புல் எழுந்து, தை வரை பால் பெருகும். சித்திரை, வைகாசியில் சுருங்கும். அந்தப் பெருக்கை நாம் நெய்யாக்கி வைத்தோம். உறையூற்றித் தயிராக்கி, கடைந்து வெண்ணெயெடுத்து, முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி போட்டு உருக்கிவிட்டால், மண்சாடியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். அந்த வகையில் நெய்தான் நம் சீஸ்.

ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சீஸ் பாலின் கொழுப்பையும் புரதத்தையும் சேர்த்தே கட்டிவைக்கிறது. நெய் கொழுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மோரில் விட்டுவிடுகிறது, மோரோ அன்றைக்கே தீர்ந்தாக வேண்டும். கடைந்த வீட்டுக்கு மிஞ்சிய மோர் காட்டு வேலைக்கு வந்தவர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போனது. கம்பஞ்சோற்றையும் ராகிக் களியையும் கரைத்துக் குடிக்க அதுவே துணை. ஆக, வெண்ணெய் வெளியூருக்குப் போய்ப் பணமானபோது, அதன் மறுபாதி ஊருக்குள்ளேயே உணவாகச் சுற்றியது. ஊத்துக்குளி வெண்ணெயைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மறுபாதியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். உணவைத் தேடி வருகிறவருக்குக் காட்ட வேண்டிய பகுதி அதுதான் என்பது என் எண்ணம்.

கடைவதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அதன் நேரக் கணக்கு தெரியும். முதல் நாள் இரவு உறையிட்ட தயிரைக் கிழக்கு வெளுக்கும் முன்பே கடைய உட்கார வேண்டும். வெயில் ஏறிவிட்டால் வெண்ணெய் திரளாமல் இளகி மோரோடு கலந்துவிடும். மார்கழிக் குளிர் அதிகமானால் திரள மறுக்கும், ஒரு செம்பு வெதுவெதுப்பான நீர் ஊற்றி வழிக்குக் கொண்டுவர வேண்டும். தூணில் கட்டிய கயிற்றில் மத்து சுழலும்போது முதலில் சளசளவென்ற நீரோசை வரும். சிறிது நேரத்தில் அது தடித்து, மத்து இழுக்க மறுப்பதுபோல் கனக்கும். பிறகு திடீரென்று ஓசை லேசாகும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். பானைக்குள் பார்த்தால் கடுகளவு திவலைகள் மேலே மிதந்து, ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருக்கும். கையை நனைத்துக்கொண்டு அவற்றைச் சேர்த்தெடுத்துக் குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை அலசினால், மோர்வாடை போய் உருண்டை தேறும். எருமை வெண்ணெயானால் சுண்ணாம்புபோல் வெள்ளையாக இருக்கும். பசு வெண்ணெயில் மஞ்சள் ஓடும், ஏனெனில் புல்லின் மஞ்சள் நிறப்பொருளை எருமை பாலில் அப்படியே விடுவதில்லை. அரைமணி, முக்கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். வெயில் வரும்போது காட்டுவதற்கு ஓர் உருண்டையைத் தவிர ஒன்றுமில்லை.

பேருந்துச் சுற்றுலாவுக்கு இது ஏற்றதன்று என்பது இதிலிருந்தே தெரிகிறது. பதினோரு மணிக்கு வந்திறங்குகிறவருக்குக் கழுவிக் கவிழ்த்த பானையைத்தான் காட்ட முடியும். அல்லது அவருக்காகப் பதினோரு மணிக்கு ஒரு பானைத் தயிரைப் பொய்யாகக் கடைய வேண்டும், அந்த வெயிலில் வெண்ணெய் திரளாமல் மானம் போகும். வெண்ணெயைப் பார்க்க வேண்டுமானால் முதல் நாள் மாலை பால் கறக்கும் நேரத்துக்கே வந்து, இரவு தங்கி, விடியலில் எழ வேண்டும். சீஸ் ஊர்களின் வரைபடத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து கொங்கில் நட்டால் வேர் பிடிக்காது என்று நான் சொல்வதற்கு இதுவே முதற்காரணம். அவர்களது பொருள் பகல் பயணியைத் தாங்கும். நமது பொருள் இராத் தங்குகிற விருந்தாளியைக் கேட்கிறது.

இரண்டாவது காரணம் மேய்ச்சல் நிலத்தில் இருக்கிறது. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பகுதிகளில் கொறங்காடு என்று வழங்கும் மேய்ச்சற்காடுகளைப் போன்ற ஏற்பாடு தமிழகத்தில் வேறெங்கும் இந்த அளவுக்கு இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமான நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல் மரங்கள். மழை மறைவுப் பகுதியின் குறைந்த மழைக்கு அந்தப் புல் காய்ந்து கிடந்து, ஒரு மழைக்கே மறுபடி தழையும். கோடையில் புல் அற்றுப்போனாலும் வெள்வேலின் காய் உதிர்ந்து மாட்டைத் தாங்கும். காங்கேயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த இனம். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அதைத் தேர்ந்து பெருக்கிய வரலாறும், குட்டப்பாளையத்தில் இனப் பாதுகாப்புக்கு என இயங்கும் ஆராய்ச்சி அறக்கட்டளையும், சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுச் சந்தையும் இந்த வட்டாரத்தில் யாவரும் அறிந்தவை.

பிரான்சின் ரோக்ஃபோர் சீஸை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒப்புமை வியப்பூட்டும். அங்கும் வறண்ட சுண்ணாம்புப் பீடபூமி. அங்கும் அந்த நிலத்துக்குரிய ஓர் இனம், லக்கோன் செம்மறி. அந்த ஆட்டின் பாலில் செய்து, கொம்பலூ மலையின் பாறை வெடிப்புகள் வழியாகக் காற்றோடும் குகைகளில் பழுக்க வைத்தால்தான் ரோக்ஃபோர் என்று சொல்லலாம். அந்த ஊராருக்கே பழுக்க வைக்கும் உரிமை என்று பிரெஞ்சு அரசர் ஆறாம் சார்லஸ் 1411இல் சாசனம் கொடுத்தார். 1925இல் அது சட்டமாயிற்று. குகையைப் பார்க்கப் போகிறவர் பார்ப்பது வெறும் குகையையன்று. நிலம், புல், ஆடு, குகை, பெயர் என்று ஒன்றையொன்று பிடித்திருக்கும் சங்கிலியின் கடைசிக் கண்ணியை அவர் பார்க்கிறார்.

கொங்கில் அந்தச் சங்கிலி இடையில் அறுந்திருக்கிறது. காங்கேயம் பசு உழவுக்கும் ஏற்றத்துக்கும் வண்டிக்கும் காளை ஈனுவதற்காக வளர்க்கப்பட்டது. கன்று குடித்ததுபோக நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் அதுவே நிறைவு. டிராக்டரும் மின்மோட்டாரும் வந்தபின் காளைக்கு வேலை போயிற்று, பசுவுக்கும் இடம் சுருங்கிற்று. ஊத்துக்குளியின் பெயரைத் தாங்கியதில் எருமைக்கு நல்ல பங்குண்டு. ஆனால் 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழகம் முழுவதும் சுமார் 7.8 லட்சமாக இருந்த எருமை, 2019 கணக்கெடுப்பில் சுமார் 5.2 லட்சமாகக் குறைந்துவிட்டது. ஏழாண்டுகளில் மூன்றில் ஒன்று போயிற்று. கட்டுத்தரையில் இன்று நிற்பது பெரும்பாலும் கலப்பினப் பசு. அது கொறங்காட்டில் மேய்வதைவிடக் கலப்புத் தீவனத்தையும் தீவனப்புல்லையும் நம்பியிருப்பது அதிகம்.

வீட்டில் கடைவது நின்றதற்குச் சோம்பலைக் காரணம் சொல்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. காலையும் மாலையும் சங்கத்திலோ தனியார் நிலையத்திலோ பாலை ஊற்றினால், கொழுப்பும் இதர சத்தும் பார்த்துக் கணக்கில் ஏறி, குறித்த நாளில் பணம் வந்துவிடுகிறது. ஏழு சதக் கொழுப்புள்ள எருமைப்பாலில் ஒரு கிலோ வெண்ணெய் எடுக்க, சேதாரம் சேர்த்து, பன்னிரண்டு பதின்மூன்று லிட்டர் வேண்டும். லிட்டர் 45 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பதின்மூன்று லிட்டருக்கு 585 ரூபாய், அதுவும் கறந்த கையோடு, கடையும் உழைப்பில்லாமல். இதற்கு மேல் நன்றாகக் கூடுதலாக வெண்ணெய்க்குக் கிடைத்தால்தான் விடியலில் எழுந்து மத்தைத் தொட ஒருவருக்கு மனம் வரும். அப்படி எழுந்துவந்தவர் எல்லாக் காலத்திலும் பெரும்பாலும் பெண்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சங்கத்துப் பால் அவரை அந்த வேலையிலிருந்து விடுவித்தது. மரபு அழிந்ததே என்று வருந்துகிறவர்கள் அந்த விடுதலையைத் திருப்பிக் கேட்கிறோம் என்பதை உணர்ந்தே வருந்த வேண்டும்.

பெயரின் கதை தனி. உலகில் மிகுதியாக விற்கும் சீஸ்களில் ஒன்றான செடார், இங்கிலாந்தின் சாமர்செட் வட்டாரத்துச் செடார் என்ற சிற்றூரின் பெயர். அந்தப் பெயரைக் காக்க உரிய காலத்தில் யாரும் முனையவில்லை. இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் செய்வது செடார், கோவையில் பீட்சாவின் மேல் உருகுவதும் சில வேளை செடார். பெயர் கொடுத்த ஊரிலோ சீஸ் செய்கிறவர் ஒரே ஒருவர்தான் எஞ்சியிருக்கிறார். ஊத்துக்குளி வெண்ணெய் என்ற பலகையைத் தமிழகத்தின் எந்தக் கடைவீதியிலும் பார்க்கலாம்; உள்ளே இருப்பது எந்த ஊர்ப் பால் என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரிந்திராது. இந்தியாவில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் ஈரோடு மஞ்சளும் பழனி பஞ்சாமிர்தமும் 2019இல் பதிவு பெற்றன. பதிவு என்பது முதற்படி மட்டுமே. ரோக்ஃபோரில் எந்த ஆடு, என்ன தீவனம், எத்தனை நாள், எந்தக் குகை என்று எழுதிவைத்துச் சரிபார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நம்மிடம் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டுவதில் உள்ள சுறுசுறுப்பு, அதற்குப் பிந்தைய சரிபார்ப்பில் இருப்பதில்லை.

இவ்வளவும் வெண்ணெயைப் பற்றியது. வந்து நின்று பார்ப்பதற்கு உகந்த தொழில் கொங்கில் இல்லாமலில்லை. அது பாலில் இல்லை, கரும்பில் இருக்கிறது. கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் கவுந்தப்பாடியைச் சுற்றி ஓடும் கரும்பாலைகளைத்தான் சொல்கிறேன். க்ரூயேரில் செப்புக் கொப்பரைகளைப் பார்க்க மக்கள் எதற்காக நிற்கிறார்களோ, அது அத்தனையும் இங்கே கூரைக்கொட்டகையின் கீழ் இருக்கிறது: சூடு, மணம், கண்முன் மாறும் பொருள், கைப்பழக்கத்தால் மட்டுமே தெரியும் ஒரு பதம்.

ஆலைக்குப் போகும் வழியிலேயே மணம் வந்து பிடித்துக்கொள்ளும். காய்ந்த சக்கையை ஒருவர் அடுப்புவாயில் இடைவிடாமல் தள்ளிக்கொண்டிருப்பார்; கரும்பின் சாறு கொப்பரையில் கொதிக்க, அதே கரும்பின் சக்கை எரிகிறது. சாறு சூடேறியதும் சுண்ணாம்புநீர் விடுவார்கள். அழுக்கு கரும்பச்சை நுரையாக ஒதுங்கும், நீண்ட கைப்பிடிச் சல்லடையால் அதை வாரி எறிவார்கள். பிறகு நுரை பொன்னிறமாகிப் பொங்கிக் கொப்பரை விளிம்பைத் தொடும்போது ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அடக்குவார்கள். கொதியின் ஓசை மெல்ல மாறும். தண்ணீர் கொதிக்கும் படபடப்பு போய், கனத்த குமிழ்கள் ஒவ்வொன்றாக வெடிக்கும் ஓசை வரும். அப்போது பாகுக்காரர் ஒரு கரண்டிப் பாகைத் தண்ணீரில் விட்டு விரல்களால் உருட்டிப் பார்ப்பார். அச்சுவெல்லத்துக்கு ஒரு பதம், உருண்டைக்கு ஒரு பதம், நாட்டுச் சர்க்கரைக்கு அதற்கும் மேல் ஒரு பதம். அரை நிமிடம் தவறினால் ஒன்று இளகிப்போகும், அல்லது கருகிக் கசக்கும். அகன்ற மரத்தொட்டியில் கொட்டிக் கட்டையால் தேய்க்கத் தேய்க்கப் பாகு மங்கி, பொரிந்து, மணலாக உதிர்கிறது. நூறு கிலோ கரும்புக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோ சர்க்கரை என்பது நல்ல கணக்கு. வந்தவர் கையில் வாழையிலைத் துண்டோ கரும்புத் துண்டோ கொடுத்து, அதில் சுடுபாகை எடுத்துக் கொடுப்பது எந்த ஆலையிலும் உள்ள வழக்கம். சிறுவயதில் அதை அவசரப்பட்டு நக்கி நாக்கைச் சுட்டுக்கொள்ளாதவர்கள் இந்த வட்டாரத்தில் குறைவு.

கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வாராவாரம் நாட்டுச் சர்க்கரை ஏலம் நடக்கிறது. பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்கான சர்க்கரையை அங்கே கொள்முதல் செய்கிறது. விருப்பாச்சி மலைவாழைப்பழமும் இந்தச் சர்க்கரையும் நெய்யும் தேனும் ஏலமும் சேர்ந்து பஞ்சாமிர்தமாகின்றன. பழனிக்குப் போகிற இலட்சக்கணக்கானவர்கள் டப்பாவை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தச் சர்க்கரை எங்கே காய்ந்தது, அந்தப் பழம் எந்த மலையில் விளைந்தது என்ற இரண்டு நிறுத்தங்கள் அவர்களது பயணத்தில் இல்லை. உணவுச் சுற்றுலாவுக்குப் புதிதாக ஆளைக் கூட்ட வேண்டியதில்லை. ஆள் ஏற்கெனவே பாதயாத்திரையாகவே வந்துகொண்டிருக்கிறார்.

பார்வையாளர் வருவதால் பொருளின் தரத்துக்கு என்ன ஆகும் என்பதும் சர்க்கரையில்தான் தெளிவாகத் தெரிகிறது. வெளுத்த வெல்லத்துக்குக் கடைகளில் கேட்பு அதிகமென்பதால் ஹைட்ராஸ் என்று ஆலைகளில் வழங்கும் வெளுப்பு உப்பைக் கொப்பரையில் போடுவதும், சில இடங்களில் வெள்ளைச் சர்க்கரையையே கரைத்துக் கலப்பதும் மறைவான செய்திகளல்ல. உணவுப் பாதுகாப்புத் துறையினர் அவ்வப்போது சோதனை நடத்திப் பறிமுதல் செய்வதும் செய்தித்தாளில் வருகிறது. கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்து, கருஞ்சிவப்புதான் சர்க்கரையின் இயல்பு நிறம் என்று கற்றுக்கொண்டு போகிறவர், அடுத்த முறை கடையில் மஞ்சள் வெல்லத்தைக் கண்டால் கையில் எடுப்பதில்லை. சுற்றுலா வருமானத்தைவிட இந்த ஒரு பழக்கம் ஆலைக்காரருக்கு நெடுநாள் உதவும். அதே வேளையில், பார்வையாளருக்காக மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கொப்பரை காய்ச்சும் ஆலை, வாரத்தின் மற்ற நாளில் என்ன போடுகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

இனி, சாப்பாடு. கொங்கு உணவு என்றதும் நகரத்து உணவகங்கள் பள்ளிபாளையம் சிக்கனைக் கொண்டுவந்து வைக்கின்றன. நல்ல பண்டம்தான், காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பல்லும் தவிர அதிகம் கேட்காதது. ஆனால் வீட்டில் தங்குகிற விருந்தாளிக்குக் காட்டத் தக்கது சந்தகை என்பேன். ஊறவைத்து அரைத்த அரிசிமாவை ஆவியில் வேகவைத்து, சூடு ஆறும் முன் சந்தகை மரத்தில் இட்டுப் பிழிய வேண்டும், ஆறினால் இறங்காது. ஒருவர் பிடியைச் சுற்ற அல்லது அழுத்த, இன்னொருவர் கீழே தட்டை நகர்த்தி நூலை வட்டமாக வாங்க வேண்டும். தனியாளால் ஆகாது. தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஊற்றி ஒரு வாய், தாளித்த எலுமிச்சைச் சந்தகை ஒரு வாய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவார்கள். பிழிகிற வேலையில் விருந்தாளி கைகொடுத்தால் அது பயிற்சி வகுப்பாக இல்லாமல், உண்மையிலேயே ஒரு கை தேவைப்பட்டதாக இருக்கும். அரிசியும் பருப்பும், கொள்ளுக் கடைசல், பச்சைப்புளி ரசம் போன்றவை இதைவிட எளியவை; அவற்றை விளக்க வேண்டியதில்லை, உண்டால் போதும்.

இங்கே ஒரு தயக்கம் குறுக்கிடுகிறது, அதைத் திட்ட அறிக்கைகள் கண்டுகொள்வதில்லை. வாசலில் வந்து நிற்பவரை யாரென்று கேட்கும் முன்பே தண்ணி குடிக்கிறீங்களாங்க என்று கேட்கிற ஊர்கள் இவை. வீட்டில் ஒருவருக்குச் சோறு போட்டுவிட்டுக் காசு வாங்குவதை இழுக்காக நினைப்பவர்கள் இன்றும் மிகப் பலர். தமிழ்நாடு அரசின் 2023 சுற்றுலாக் கொள்கை ஊரகச் சுற்றுலாவையும் பேசுகிறது. ஆனால் சோற்றுக்கு விலை சொல்லும் கூச்சத்தை எந்தக் கொள்கையும் தீர்த்துவைக்க முடியாது. சிலர் அதற்கு நடைமுறையில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: சாப்பாட்டுக்கு வாங்குவதில்லை, தங்குமிடத்துக்கு வாங்குகிறார்கள், போகும்போது தேங்காயும் நெய்யும் சர்க்கரையும் விலைக்குக் கொடுக்கிறார்கள். எனக்கு இது சாமர்த்தியமாகவும் நாகரிகமாகவும் படுகிறது.

மற்றொன்றையும் மூடிவைக்கக் கூடாது. கொங்கு விருந்து என்று படமெடுத்துக் காட்டப்படுவது பெரும்பாலும் தோட்டம் உடையவர் வீட்டு விருந்து. கட்டுத்தரையைக் கூட்டி, எருமை மேய்த்து, ஆலையில் கரும்பு சுமந்தவர்களின் வீட்டுச் சமையலும் கொங்குச் சமையல்தான். அவர்கள் கையால் சமைத்ததை எல்லோரும் உட்கார்ந்து உண்ணும் பந்தி எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இன்னும் நேரான விடையில்லை. வெளியூர் விருந்தாளி இதைக் கவனிக்க மாட்டார் என்று நினைப்பது தவறு. அவர் தம் கண்ணில் படுவதையெல்லாம் கவனிக்கத்தான் வருகிறார்.

சீஸைத்தான் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குக் கொங்கின் விளிம்பிலேயே வழியுண்டு. மேட்டுப்பாளையத்துக்கு மேலே குன்னூரில், திரைப்பட இயக்குநர் மன்சூர் கான் படத்துறையை விட்டு வந்து அமைத்த பண்ணையில் சீஸ் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள்; தங்கவும் இடமுண்டு. மலைக்குளிர் அங்கே பழுக்க வைக்கும் அறையின் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. பழனி மலைத் தொடரின் உச்சியில் கொடைக்கானல் சீஸும் நெடுநாளாகப் பெயர் பெற்றது. சமவெளியிலும் சீஸ் உண்டு என்பதைப் பலர் நினைப்பதில்லை: ஈரோடு மாவட்டத்து மில்கி மிஸ்ட் போன்ற பெரிய ஆலைகள் பன்னீரையும் சீஸையும் நாடு முழுவதற்கும் அனுப்புகின்றன. எவர்சில்வர் குழாய்களுக்குள் நடப்பதைப் பார்க்க யாரும் பயணச்சீட்டு எடுப்பதில்லை என்பது அவர்களுடைய குறையன்று. அது வேறு வகைத் தொழில்.

நாள்காட்டியையும் கவனிக்க வேண்டும். ஆல்ப்ஸ் மலையில் மாடு மேலேறி மேயும் கோடையும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வருகின்றன. இயற்கை அவர்களுக்குச் செய்துகொடுத்த வசதி அது. நமக்கு நேர்மாறு. சித்திரை, வைகாசி விடுமுறையில் வருகிறவர் காண்பது பழுப்பேறிய கொறங்காட்டையும் வற்றிய மடியையும். காட்ட வேண்டியதெல்லாம் கார்த்திகைக்கும் தைக்கும் இடையில் இருக்கிறது. புல் பச்சையாக இருக்கும், பால் மிகும், மார்கழிக் குளிரில் வெண்ணெய் கெட்டியாகத் திரளும், பொங்கல் வெல்லத்துக்காக ஆலைகள் இரவிலும் ஓடும். கிடைக்கிற விடுமுறை அரையாண்டுத் தேர்வுக்குப் பிந்தைய சில நாளும் பொங்கலும்தான். எனவே ஆண்டு முழுவதும் ஓடும் விடுதியாக இதை நினைப்பது கணக்குக்கு ஒத்துவராது. ஆண்டில் ஆறேழு வாரம் மட்டும் திறக்கும் வீடாக நினைத்தால் ஒத்துவரலாம்.

அந்த வீட்டின் அளவையும் மோரே தீர்மானித்துவிடும். இரண்டு எருமை இருந்து, நாளுக்குப் பத்து லிட்டர் பாலில் பாதியைச் சங்கத்துக்கு ஊற்றிவிட்டு மீதியை உறையிட்டால், விடியலில் சுமார் நானூறு கிராம் வெண்ணெய் வரும். காலைக் கம்பஞ்சோற்றுக்கும் நண்பகல் சோற்றுக்கும் சேர்த்து வீட்டாரோடு நான்கு விருந்தாளிகளுக்கு அந்த மோர் சரியாக இருக்கும். ஐந்தாவது ஆள் வந்தால் தண்ணீர் ஊற்றிப் பெருக்க வேண்டும், அல்லது அண்ணாச்சி கடையில் பாக்கெட் மோர் வாங்க வேண்டும்.